காணும் இடரும் காணா இடரும்

பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் பெருவீதியில், விசுவமடுவுக்கு அப்பால் அமைந்துள்ள ஊர் உடையார்கட்டு. குளத்தை நம்பிய வயலும், மழையை நம்பிய மேட்டுநிலப் பயிரும், இடையிடையே காடும் என வன்னிப் பெருநிலப்பரப்பின் இயல்புகள் யாவும் பொருந்திய கிராமம் அது. 2009 ஜனவரியில் ‘பாதுகாப்பு வலயம்’ என்று அறிவிக்கப்பட்ட நிலப்பரப்பினுள் அடங்கிய ஊர்களில் இதுவும் ஒன்றாகும். அவ்வலயத்தினுள் நிகழ்ந்தவை உலகறிந்தவை. ஆதலின், ‘பாதுகாப்பு’ என்னும் சொல்லை இவ்வூரை முன்வைத்து ஆராயப் புகுவோர், அச்சொல்லை அறிவித்துவிடுவதால் மட்டும் எவரும் காக்கப்பட்டுவிடுவதில்லை என்ற உணர்வோடேயே தொடங்க வேண்டியிருக்கிறது.

போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறுவதற்கு முன்னரும் குடியேறிய பின்னரும் இப்பகுதி நிலங்களில் மிதிவெடி அகற்றும் பணி நடைபெற்றது. அப்பணியாளரின் தோற்றம் வன்னி மக்களுக்கு நன்கு பழகிய ஒன்று. முகம் முழுவதையும் மறைக்கும் தடித்த கண்ணாடி போன்ற கவசம். மார்பையும் வயிற்றையும் காக்கும் கனத்த மேலங்கி. இருமருங்கும் அடையாளமிடப்பட்ட ஒடுங்கிய பாதை. முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக முன்னேறும் வேலை. குறித்த நேரத்துக்கு ஒரு முறை கட்டாய ஓய்வு. சற்றுத் தொலைவில் மருத்துவ உதவியாளரும் வாகனமும் ஆயத்தமாக நிற்பர். விபத்து நேரின் காயமுற்றவரை எவ்வழியால், எவ்வளவு நேரத்தில், எந்த வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்ப்பது என்பதை ஒத்திகை பார்த்து வைத்த பின்னரே வேலை தொடங்கும். இப்பணியாளருள் கணிசமானோர் பெண்கள். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனித்துத் தாங்கியோர் பலர் அவர்களுள் இருந்தனர்.

வெடியகற்றப்பட்ட நிலம் உழவுக்குக் கையளிக்கப்படுகிறது. காலபோக விதைப்பு முடிந்து சில வாரங்களில் அதே நிலத்தில் இன்னொரு தொழிலாளி இறங்குகிறார். முதுகிலே தெளிகருவி, அதன் தாங்கி நிறைய நீருடன் கலந்த களைநாசினி, வெறுங்கால், மடித்துக் கட்டிய சாரம், பழைய சட்டை, சிலவேளை முகத்தைச் சுற்றிக் கட்டிய ஒரு துவாய். மூடி சரியாகப் பொருந்தாத தாங்கியினின்று கசியும் திரவம் முதுகை நனைத்து இடுப்புவரை இறங்குகிறது. காற்று மாறினால் தூவல் முகத்தில் படிகிறது. அருகில் மருத்துவ உதவியாளர் இல்லை; ஒத்திகையும் இல்லை. வேலை முடிந்ததும் வாய்க்காலில் உடல் கழுவி, அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு அவர் வீடு செல்கிறார்.

ஒரே நிலம்; இருவகை நஞ்சு; இருவர் உடல். ஓர் உடலைக் காப்பதற்கு உலகத் தராதரங்களும் பயிற்சியும் பணமும் திரட்டப்பட்டன. மற்றோர் உடலைக் காப்பதற்குப் போத்தலின் மேல் ஒட்டப்பட்ட சிறு தாளிலுள்ள எச்சரிக்கை போதுமெனக் கருதப்படுகிறது. இவ்வேறுபாட்டை எந்த அறம் நியாயப்படுத்தும் என்பதே ஈண்டு எழும் வினா. மிதிவெடி அகற்றுவோர்க்கு அளிக்கப்பட்ட காப்பு மிகை என்று எவரும் சொல்லார். அது மிகையன்றெனின், மற்றையது எவ்வாறு போதுமாகும்?

இவ்வினாவை அணுகுமுன் ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது நோக்குதல் தகும். தமிழ்ப் பேச்சு வழக்கில் வயலில் தெளிக்கும் நஞ்சுக்குப் பெயர் ‘மருந்து’. ‘மருந்தடித்தல்’ என்பதே அத்தொழிலின் பெயர். பயிருக்கு நோய் வந்தது, மருந்து அடிக்கப்பட்டது என்னும் நோக்கில் அச்சொல் பொருத்தமானதே. பயிரின் பக்கம் நின்று நோக்கினால் அது மருந்து. அதனைச் சுமப்பவரின் பக்கம் நின்று நோக்கினால் அது நஞ்சு. மொழி பயிரின் பக்கம் நின்றுவிட்டது. தன் உயிரை மாய்த்துக்கொள்ள அதனையே அருந்தியவரைப் பற்றிப் பேசும்போதும் ‘மருந்து குடித்தார்’ என்றே ஊர் சொல்லும். நஞ்சு என்று தெரிந்தே மருந்து என்று வழங்கும் இவ்விரட்டை வழக்கு அறியாமையின் பாற்பட்டதன்று. அன்றாடம் கையாள வேண்டிய ஒன்றை நஞ்சென்று அழைத்துக்கொண்டே நாள்தோறும் அதனோடு வாழ்தல் மனித மனத்துக்கு எளிதன்று.

அந்நஞ்சு உடலினுள் புகும் வழியும் ஏமாற்றும் தன்மையுடையது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால் தப்பிவிடலாம் என்பது பொதுவான எண்ணம். ஆனால் தெளிப்பவரின் உடலுக்குள் புகும் பீடைநாசினியிற் பெரும்பங்கு தோல் வழியாகவே செல்கின்றது. வியர்த்த தோலும் நனைந்த துணியும் அதனை இன்னும் எளிதாக்கும். பூச்சிகளைக் கொல்லப் பயன்படும் ஓகனோபொஸ்பேற்று வகை நஞ்சுகள் நரம்புகளிடையே செய்தி கடத்தலை ஒழுங்குபடுத்தும் நொதியமொன்றைச் செயலிழக்கச் செய்வன. தலைவலி, மிகு வியர்வை, மங்கிய பார்வை, தசைத் தளர்ச்சி, குமட்டல் ஆகியன இதன் தொடக்கக் குறிகள். வன்னி வெயிலிற் பகல் முழுதும் உழைத்தவருக்குத் தலைவலியும் வியர்வையும் சோர்வும் வராதிருந்தால்தான் வியப்பு. நஞ்சின் குறியும் உழைப்பின் குறியும் ஒன்றையொன்று ஒத்திருக்க, முன்னதைப் பின்னது மறைத்துவிடுகிறது. மிதிவெடி வெடித்தால் ஊர் முழுதும் கேட்கும். இது கேட்பதில்லை.

தொழிலினால் வரும் நோயைத் தனியொரு பொருளாகக் கொண்டு முதன்முதல் விரிவாக ஆராய்ந்தவர் இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமசீனி ஆவார். 1700ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நூல் சுரங்கத் தொழிலாளர் முதல் குயவர் வரை பற்பல தொழிலினரின் நோய்களை ஆராய்வது. அவர் இத்துறையில் ஈடுபட நேர்ந்த கதை கருதத்தக்கது. மொடெனா நகரில் அவர் வீட்டு மலக்குழியைத் துப்புரவாக்க வந்த தொழிலாளி ஒருவர் மூச்சு வாங்க விரைந்து வேலை செய்வதைக் கண்டு, ஏன் இவ்வளவு அவசரம் என்று வினவினார். அக்குழியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றால் கண்பார்வை போய்விடும், அனுபவித்தவர்க்கே அது தெரியும் என்னும் பொருள்பட அவர் விடையிறுத்தார். நோயாளியிடம் வைத்தியர் கேட்க வேண்டியவை என்று பண்டைக் கிரேக்க மருத்துவம் வகுத்திருந்த வினாக்களோடு இன்னுமொன்றை ரமசீனி சேர்த்தார்: ‘நீர் செய்யும் தொழில் யாது?’ மருத்துவ வரலாற்றில் அது சிறியதொரு சேர்க்கை. அறவியல் வரலாற்றில் அது சிறியதன்று. நோய் உடலின் குற்றமோ ஊழின் விளைவோ மட்டுமன்று, ஒருவர் பிறர்க்காகச் செய்யும் வேலையின் விளைவாகவும் இருக்கலாம் என்பதை அக்கேள்வி ஏற்றுக்கொள்கிறது. அவ்வாறாயின் அந்நோய்க்குப் பொறுப்பாளர் ஒருவர் இருக்கவே வேண்டும்.

பொறுப்பாளர் யார் என்பதிலே சட்டம் இடறுகிறது. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் மையக் கருத்து விபத்து. ஊழியத்தின் போது, ஊழியம் காரணமாக நேர்ந்த விபத்தினால் உடலூனமோ மரணமோ ஏற்படின் நட்டஈடு உண்டு. தொழில்சார் நோய்களும் அட்டவணையொன்றில் இடம்பெற்றிருக்கின்றன எனினும், விபத்து என்னும் அச்சில் வார்க்கப்பட்ட சட்டத்துக்கு நோய் ஒரு பின்னிணைப்பாகவே அமைகின்றது. விபத்துக்கு நாள் உண்டு, நேரம் உண்டு, கண்ட சாட்சி உண்டு. பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகப் புகுந்த நஞ்சுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. இந்நாட்டின் இன்னொரு முதன்மைச் சட்டமாகிய 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ, தன் பெயருக்கேற்பத் தொழிற்சாலையை நோக்கியது. உடையார்கட்டுக்குச் செல்லும் வீதி தொடங்கும் பரந்தனில், 1950களில் தொடங்கிய இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவும் குளோரினும் உற்பத்தி செய்தது. 1980களின் நடுப்பகுதியிற் போரினால் அது நின்றுபோயிற்று. குளோரின் ஆபத்தானது, எனினும் அது சுவருக்குள் இருந்தது. சுவருக்குள் பரிசோதகர் செல்லலாம், இயந்திரத்தைச் சோதிக்கலாம், முகாமையாளரை வினவலாம். அதே வகைப்பட்ட இரசாயன நஞ்சு போத்தலில் அடைக்கப்பட்டு வீதிவழியே வயலுக்கு வந்ததும் சுவர் மறைந்துவிடுகிறது. கைத்தொழிலின் உற்பத்திப் பொருள் வந்து சேர்ந்தது. கைத்தொழிலுக்குரிய காப்பு வந்து சேரவில்லை.

சுவர் இருந்தால் எல்லாம் செவ்வனே நடந்துவிடும் என்பதுமன்று. தமிழகத்தில் கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை இதற்குத் தக்க சான்று. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலிருந்து இயந்திரங்களுடன் இடம்பெயர்ந்து வந்த அத்தொழிற்சாலையிலே தொழிலாளர் பாதரசத்தைக் கையாண்டனர். பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையொன்றில் இருப்பது வெளிப்பட்டு எழுந்த போராட்டத்தை அடுத்து, 2001இல் அது மூடப்பட்டது. அதன் உரிமை நிறுவனமாகிய இந்துஸ்தான் லீவருக்கும் – பின்னாளில் இந்துஸ்தான் யூனிலீவர் – முன்னாள் தொழிலாளர் 591 பேர் தரப்புக்குமிடையே இணக்கம் ஏற்பட்டது 2016 மார்ச்சிலே. இடையிற் கழிந்தவை பதினைந்து ஆண்டுகள். தொழிலாளரின் நோய்களுக்குப் பாதரசமே காரணமென்பதை நிறுவனம் ஒப்பவில்லை. இங்கு அறத்தின் பார்வையிற் கவனிக்க வேண்டியது வழக்கின் வெற்றி தோல்வியன்று. நிறமற்ற, மணமற்ற பாதரச ஆவி என்றோ புகுந்தது என்பதை நோயுற்றவரே மெய்ப்பிக்க வேண்டியிருந்தமைதான். சான்றுகள் யாவும் எவர் கையில் இருந்தனவோ அவரிடம் மெய்ப்பிக்கும் சுமை இல்லை. எவர் கையில் தம் உடலைத் தவிர வேறு சான்று இல்லையோ அவரிடமே அச்சுமை இருந்தது.

உடன்பாடு என்னும் வாதம் இவ்விடத்திலேதான் நுழைகிறது. தொழிலாளி விரும்பியே வந்தார். ஆபத்தை அறிந்தே கூலி பெற்றார். விரும்பி ஏற்றவனுக்கு அநீதி இல்லை என்பது உரோமச் சட்ட மரபிலிருந்து வந்த கோட்பாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய நீதிமன்றங்கள் காயமுற்ற தொழிலாளர் பலரை இதனைக் காட்டியே வெறுங்கையுடன் அனுப்பின. கடினமும் அருவருப்பும் மிக்க தொழிலுக்குக் கூலி கூடுதலாக அமையும் என்று 1776இல் அடம் ஸ்மித் எழுதியதும் இவ்வாதத்துக்குத் துணையாகக் கொள்ளப்படுவதுண்டு. அதே நூலில் மிகையுழைப்பால் உடலைக் கெடுத்துக்கொள்ளும் தொழிலாளரைப் பற்றிக் கூறுமிடத்தில் அதே ஸ்மித் ரமசீனியின் நூலைச் சுட்டியிருப்பதை இவ்வாதத்தினர் பெரும்பாலும் நினைவுகூர்வதில்லை. 1891இல் பிரித்தானிய மேன்மக்கள் சபை ஸ்மித் எதிர் பேக்கர் வழக்கில் அளித்த தீர்ப்பு அக்கோட்பாட்டின் முதுகெலும்பை முறித்தது. புகையிரதப் பாதைக்காகப் பாறை துளைத்துக்கொண்டிருந்த தொழிலாளியின் தலைக்கு மேலாகப் பாரந்தூக்கி கற்களைக் கொண்டுசென்றது, கல் விழுந்தது. கல் விழக்கூடும் என்று அவர் அறிந்திருந்தார். ஆயினும் அறிந்திருத்தல் வேறு, இசைந்திருத்தல் வேறு என்றது சபை.

இந்த வேறுபாட்டை இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே அரிஸ்தோத்தில் இன்னோர் உவமையால் விளக்கினார். புயலிற் சிக்கிய கப்பலிலிருந்து பொருட்களைக் கடலில் எறிபவன் அதனைத் தானாகவே எறிகிறான். எவரும் அவன் கையைப் பிடித்து எறியவில்லை. எனினும் புயல் இல்லாத வேளையில் எவனும் அதனைச் செய்யான். இத்தகைய செயல் விருப்பும் கட்டாயமும் கலந்தது என்றார் அவர். கூலிக்கு மருந்தடிக்கும் வன்னித் தொழிலாளியின் இசைவும் இவ்வினத்ததே. 1958இலும் 1977இலும் நிகழ்ந்த வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களுள் பல, நிலமற்றோ உறுதியற்ற நிலத்திலோ இருந்துகொண்டு பிறர் வயலிற் கூலிக்குச் சென்றன. பின்னர் இடப்பெயர்வுகள் எல்லாவற்றையும் பறித்தன. சிறு நிலமுடையோர் விதைநெல்லும் பசளையும் கடனுக்கு வாங்கி, அறுவடையிற் கடனை அடைத்து, மீண்டும் கடன்படுகின்றனர். இந்நிலையில் ஒருவர் தெளிகருவியைத் தோளில் மாட்டுவது அவர் செயலே. எனினும் புயலைக் கணக்கில் எடாது எறிந்தவனை மட்டும் பார்ப்பது நேர்மையாகாது.

இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு; உடையார்கட்டைப் போன்ற ஊரிலேதான் அது முழுவடிவிற் புலப்படும். தம் இரண்டு ஏக்கரில் தாமே மருந்தடிக்கும் கமக்காரருக்குத் தொழில்தருநர் எவர்? தாமே தொழிலாளி, தாமே முதலாளி. கடமை என்பது ஒருவர் இன்னொருவர்க்குச் செய்வதெனின், இங்கு ‘இன்னொருவர்’ இல்லை. சர்வதேசத் தொழில் தாபனம் விவசாயத்துறைப் பாதுகாப்புக்கென 2001இல் நிறைவேற்றிய 184ஆம் இலக்கச் சமவாயம்கூட, வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் செய்யப்படும் வேளாண்மையைத் தன் எல்லைக்கு வெளியே விட்டது. பாதுகாப்பான, சுகாதாரமான வேலைச் சூழலை அத்தாபனம் தன் அடிப்படைக் கோட்பாடுகளுள் ஒன்றாக 2022 ஜூனில் உயர்த்தியது மகிழ்தற்குரியதே. ஆனால் வேலைச் சூழல் என்பதற்கு உரிமையாளர் ஒருவர் இருப்பார் என்ற எண்ணம் அதனுள்ளும் மறைந்திருக்கிறது.

விடை, கடமையின் தோற்றுவாயைச் சற்று இடம் மாற்றி நோக்குவதிலே கிடைக்கும் எனத் தோன்றுகிறது. கூலி கொடுப்பதனால் மட்டும் கடமை பிறப்பதில்லை. ஓர் இடரைப் பற்றிய அறிவை ஒருவர் தம்மிடம் வைத்துக்கொண்டு, அவ்விடரை வேறொருவர் சுமக்கும்படி விடும் அக்கணத்திலே கடமை பிறக்கிறது. மிதிவெடி நிலத்தில் அறிவும் இடரும் ஓரிடத்தில் நின்றன. எவ்வகை வெடி, எவ்வளவு ஆழம், எந்தக் கவசம் எவ்வளவு தாங்கும் என்பனவற்றை நிறுவனம் அறியும், முழந்தாளிட்டவரும் அறிவார், மேற்பார்வையாளரும் அறிவார். நெல்வயலில் இவ்விரண்டும் பிரிந்துவிடுகின்றன. அந்நஞ்சு எந்த அளவில் எவ்வுறுப்பைத் தாக்கும் என்பது அதனை ஆக்கியவர்க்குத் தெரியும். பதிவுசெய்ய அனுமதித்த அலுவலகத்தின் கோப்பில் இருக்கும். விற்பவர்க்கு அதில் ஒரு பகுதி தெரியும். சுமப்பவர்க்குத் தெரிந்ததெல்லாம் அது பொல்லாதது என்பதே. பொல்லாதது என்ற அறிவு, எவ்வளவு என்ற அறிவாகாது. வன்னியின் சில பகுதிகளிலும் தலையெடுத்துள்ள, காரணம் இன்னும் முடிவாக நிறுவப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயைப் பற்றிய பெருவிவாதமும் இப்பிரிவைக் காட்டுவதே. வட மத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த அந்நோய்க்குப் பீடைநாசினியா, குடிநீரின் கடினத்தன்மையும் புளோரைட்டுமா, வெயிலில் நீரிழந்து உழைப்பதா, இவை கூடியதா என்று அறிஞர் வாதிடுகின்றனர். 2015இல் கிளைபோசேற் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்குமாகத் தளர்த்தப்பட்டது. விவாதம் நடக்கும் இடத்தில் உழைப்பவர் இல்லை. உழைப்பவர் உள்ள இடத்தில் விவாதம் இல்லை.

கடமையை இவ்வாறு நோக்கினால், கவசம் அணியாததற்கு உழவரைக் கடிந்துகொள்வது எவ்வளவு மேலோட்டமானது என்பது புலனாகும். போத்தலின் தாளில் கையுறை, முகமூடி, நீண்ட காலணி, முழுக்கை மேலங்கி என்று எழுதப்பட்டிருக்கிறது. இறப்பர்க் காலணி சேற்றில் புதையும். முழுமூடிய மேலங்கியில் முற்பகல் பத்து மணிக்கு மேல் நிற்பவர் நஞ்சினாலன்றி வெப்பத்தினாலேயே மயங்கி விழுவார். குளிர்நாட்டு உடலுக்கு வகுத்த அறிவுரையை வன்னி வெயிலுக்கு ஒட்டிவிட்டு, அதனைக் கடைப்பிடிக்காதவர் மீது பழியையும் ஒட்டிவிடும் தாள் அது. தொழிற் சுகாதார இயல் தன் வழிகளை வரிசைப்படுத்தும்போது கவசத்தைக் கடைசியில் வைக்கிறது. இடரையே அகற்றுதல் முதல். அதற்கு மாற்றாகத் தீங்கு குறைந்ததைக் கொள்ளுதல் அடுத்தது. இடருக்கும் ஆளுக்கும் இடையே பொறியியல் தடுப்பு அமைத்தல், வேலை முறையை மாற்றுதல் என்பன பின்னர். இவை எல்லாம் கைகொடுக்காத இடத்திலேயே கவசம். வயலிலோ வரிசை தலைகீழாக நிற்கிறது. முதலும் முடிவும் கவசமே, அதுவும் தாளிலே.

இலங்கை இடரையே அகற்றியதும் உண்டு. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் துணையோடு, மொனோகுரோட்டபொஸ், மெதாமிடபொஸ் ஆகியன 1995இலும், என்டோசல்பான் 1998இலும், பரகுவாட், டைமெதோயேற், பென்தியன் ஆகியன 2008 முதல் 2011 வரையான காலத்திலும் விலக்கப்பட்டன. நெல் விளைச்சல் இதனால் வீழ்ந்துவிடவில்லை. நாட்டின் தற்கொலை மரணங்கள் பெருமளவிற் குறைந்தன. உலகச் சுகாதார அறிஞர் இதனை இன்றும் எடுத்துக்காட்டாகச் சொல்வர். அக்கொடிய நஞ்சுகள் விலக்கப்பட்டதற்கு முதன்மைக் காரணம் அவற்றை அருந்தி இறந்தோரின் தொகையே. தெளித்துத் தளர்ந்தோர் அதனாற் பெற்ற நன்மை தற்செயலானது. அருந்தியவர் வைத்தியசாலைக்கு வந்தார்; ஏட்டிற் பதிவானார்; எண்ணாக நின்றார். தெளித்தவர் வரவில்லை. கண்ணுக்குப் பட்ட துயரமே கொள்கையை அசைத்தது என்பது மனித இயல்பைப் பற்றிய உண்மையாக இருக்கலாம். கண்ணுக்குப் படாத துயரம் குறைந்த துயரம் என்பதற்கு அது சான்றாகாது.

மறுதலையான வாதமொன்றும் உண்டு. அதனை இகழ்ந்து ஒதுக்குதல் முறையன்று. பாதுகாப்பு வசதி படைத்த நாடுகளின் ஆடம்பரம். வறியவர்க்கு முதலில் வேண்டுவது வேலையும் விளைச்சலும் என்பர். 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளை, பீடைநாசினி ஆகியவற்றின் இறக்குமதி ஒரேயடியாகத் தடுக்கப்பட்டபோது நிகழ்ந்தது இவ்வாதத்துக்கு வலுச் சேர்ப்பதாகவே தோன்றும். நஞ்சற்ற உணவும் மக்கள் நலமும் அத்தடைக்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. விளைச்சல் வீழ்ந்தது, கமக்காரர் வீதிக்கு வந்தனர், அவ்வாண்டு நவம்பரிலேயே அரசு பின்வாங்கியது. ஆனால் இந்நிகழ்ச்சியினின்று பாதுகாப்பு வீண் என்னும் முடிவு வருவதில்லை. காப்பின் விலையை யார் செலுத்துவது என்ற வினாவே வருகிறது. 1995 முதல் 2011 வரையான விலக்கல்கள் ஒவ்வொன்றாக, மாற்று வழி இருந்த இடத்தில் நிகழ்ந்தன; இழப்பு எவர் தலையிலும் பாரமாக விழவில்லை. 2021இன் தடையிலோ காக்கப்பட வேண்டியவரே முழு விலையையும் செலுத்தினர். காக்கும் கடமையின் செலவைக் காக்கப்படுபவர் மீதே சுமத்துதல், கடமையைச் செய்யாது விடுவதன் இன்னொரு வடிவமே.

இத்தகைய செலவைப் பிறர் ஏற்றதனாலேதான் மிதிவெடி நிலத்தில் காப்பு மெய்யாயிற்று. கவசத்தை அப்பெண்கள் தம் கூலியிலிருந்து வாங்கவில்லை. ஆபத்தென்று அறிந்துதானே வந்தீர்கள் என்று எவரும் அவர்களிடம் சொல்லவில்லை. விபத்துகள் அங்கும் நேர்ந்தன. கையையும் கண்ணையும் இழந்தோர் உண்டு. முழந்தாளில் நாள் முழுதும் நிற்பதால் வரும் மூட்டு நோவும், வெயிலும், ஓயாத மனக்கூர்மையின் களைப்பும் கவசத்தாற் போவனவல்ல. இலங்கை 2017 டிசம்பரில் ஆளெதிர் மிதிவெடித் தடைச் சமவாயத்திற் சேர்ந்து, 2028 ஜூன் முதலாந் திகதியை அகற்றும் பணியின் இறுதி எல்லையாக ஏற்றது. பணி முடிந்ததும் அப்பெண்களுட் பலர் திரும்பிச் செல்லக்கூடிய தொழில் எது? வயற்கூலி, அரிசி ஆலை, ஆடைத் தொழிற்சாலை. கவசத்தோடு ஒரு நஞ்சை அகற்றியவர், அதே நிலத்தில் கவசமின்றி இன்னொரு நஞ்சைச் சுமக்க நேரலாம். அப்போது அவர் உடல் மாறியிராது. அவ்வுடலை மதிக்கும் கணக்கு மட்டுமே மாறியிருக்கும்.

ரமசீனியின் கேள்வி இன்று வன்னியின் கிராமிய வைத்தியசாலைகளிலும் கேட்கப்படுகிறது. தொழில் யாது என்று தாதி வினவுவார். ‘விவசாயம்’ என்று விடை வரும், அது எழுதப்படும். நிலமுடையவரும், குத்தகைக்குச் செய்பவரும், நாற்று நடுபவரும், பத்து வயலுக்குக் கூலிக்கு மருந்தடிப்பவரும் அவ்வொரு சொல்லினுள் அடங்கிவிடுகின்றனர். எத்தனை போகமாகத் தெளிக்கிறீர், எந்த மருந்து, தாங்கி கசிகிறதா, எங்கே உடல் கழுவுகிறீர், அந்தத் துணியை வீட்டில் யார் துவைக்கிறார் என்று கேட்பதற்கு இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும். வரிசையிற் பின்னால் நாற்பது பேர் நிற்கின்றனர்.